பத்தொம்பது டிகிரிக் கூரை

வாங்க, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாங்க, அது ஆடும். இப்படி இந்தப் பக்கம் வாங்க. ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும், கண்டுக்காதீங்க. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்னு சொன்னீங்களா? நல்லதுங்க. தாய்மாமன் நேர்ல வந்து விசாரிக்கறதுதானுங்க மொறை. இப்பெல்லாம் யாருங்க விசாரிக்கறாங்க? ஃபோட்டோவை ஃபோன்ல பாக்கறாங்க, ஜாதகத்தை ஃபோன்ல அனுப்பறாங்க, மண்டபத்தைப் புடிச்சர்றாங்க. அப்பறம் கோர்ட்டு வாசல்ல நின்னுட்டு அழுகறாங்க.

கௌசிகாவைப் பத்தித்தானுங்களே? சொல்றனுங்க. நம்ம கதிரொளி ரூஃபிங்லதான் டிசைன் வேலை பாத்துச்சு. அதா, அந்த மூலைக் கம்ப்யூட்டர். முன்னாலயே ஒண்ணு சொல்லிப்போடறன். ஒரு பொண்ணோட வாழ்க்கையைக் கெடுக்கற ஆளு இந்தச் சென்னியப்பன் இல்லை. எனக்கும் காலேஜ் போற பொண்ணு இருக்குது. நல்லதைத்தான் சொல்லுவன். ஆனா அந்தப் புள்ள பேரைக் கேட்டாலே எனக்கு ஆகாதுங்க, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

டீ சொல்லட்டுங்களா? வேண்டாமா? சரி, நம்ம கடை டீயும் சகிக்காதுங்க. ஏலக்காய்னு சொல்லி எதையோ போடறான், குடிச்சா மத்தியானம் வரைக்கும் எதுக்களிக்குது.

நம்ம தொழிலை உங்களுக்குச் சொல்லணும். அப்பத்தான் அந்தப் புள்ள பண்ணுன வேலை புரியும். பல்லடத்துல இருந்து காங்கயம் போற ரோட்டுல நீங்க வந்திருப்பீங்களே, ரெண்டு பக்கமும் நீலத் தகரம் போட்ட கொட்டாய் எத்தனை பாத்தீங்க? கோழிப்பண்ணை, தறிக்கொட்டாய், கொப்பரை குடோன். அதுல பாதி நம்ம கையி. இரும்புச் சட்டம் கட்டி, மேல தகரம் போட்டு, சாவியைக் கையில குடுத்துருவம். சட்டத்துக்கு டிராயிங் வேணுமில்லீங்களா? அதுக்குக் கம்ப்யூட்டர்ல ஒரு மாஸ்டர் ஃபைல் வெச்சிருக்கறன். நானே பண்ணுனது. திருப்பூர்ல கோர்சு போயி, பொடிப் பசங்களோட ஒண்ணா பெஞ்சுல உக்காந்து கத்துக்கிட்டு வந்து பண்ணுனது. கொட்டாயோட அகலத்தை அடிச்சாப் போதுமுங்க. நடுக்கூரை எத்தனை அடி உசரம், தகரத்தைத் தாங்கற சாய்வு இரும்புக் கை எத்தனை அடி நீளம், எங்க வெட்டணும், எங்க வெல்டு வெக்கணும், எல்லாம் சூத்திரமே கணக்குப் போட்டு வரைஞ்சு குடுத்துரும். பள்ளிக்கோடத்துல சைன், காஸ், டேன்னு படிச்சமே, அதேதான். அப்ப எதுக்குடா இதுன்னு வாத்தியாரைத் திட்டுனம். இப்ப சோறு போடறது அதுதான்.

கூரைக்குச் சாய்வு வேணுமில்லீங்களா, மழைத் தண்ணி எறங்கறதுக்கு? நம்ம சாய்வு பத்தொம்பது டிகிரி. எல்லாக் கூரைக்கும் பத்தொம்பதுதான். பதினெட்டும் கெடையாது, இருவதும் கெடையாது. நான் பொறந்தது பத்தாந்தேதி. என்ற நம்பர் ஒண்ணு. பத்தொம்பதைக் கூட்டிப் பாருங்க, ஒண்ணும் ஒம்பதும் பத்து, பத்துன்னா ஒண்ணு. சூரியனோட எண்ணுங்க அது. காங்கயத்துல ஒரு நியூமராலஜிக்காரர் சொன்னாரு, "சென்னியப்பா, உன்ற தொழில்ல பத்தொம்பது எங்கயாச்சும் வர்ற மாதிரி பாத்துக்கோ, அப்பறம் நீயே நிறுத்துனாலும் நிக்காது"ன்னு. நான் கூரைக்கே வெச்சுப்போட்டன். நம்ம கூரைக்குக் கீழ தொழில் பண்ணுனவிய யாரும் நொடிச்சதில்லைங்க. சில பேரு, "என்னங்க, கூரை படுத்தாப்ல இருக்குது"ம்பாங்க. பத்தொம்பது அப்படித்தான் இருக்கும்னு சொல்லி அனுப்புவன்.

இந்தப் புள்ள வேலைக்கு வந்தது நல்லாத்தானுங்க வந்துச்சு. தாராபுரம் பக்கம். இன்ஜினியரிங் முடிச்சிருந்துச்சு. வேலை சுத்தம், அதை இல்லைங்க மாட்டன். ஒரு டிராயிங் திரும்பி வந்ததில்லை. லீவு போடாது. யார்கூடயும் வெட்டிப் பேச்சு கெடையாது. ஆனா பாருங்க, எதைச் சொன்னாலும் "ஏன் சார்?" இந்தத் தகரத்தைப் போடுன்னா, ஏன் சார். இந்தப் பக்கம் கதவு வெய்யின்னா, ஏன் சார். மரியாதையாத்தான் கேக்கும், சிரிச்சுட்டேதான் கேக்கும். அந்தச் சிரிப்பைப் பாத்தாத்தானுங்க எனக்கு இன்னும் எரியும். ஒரு மொதலாளியைப் பாத்து ஏன்னு கேக்கற பொண்ணு நாளைக்கு மாமியாளைப் பாத்துக் கேக்காதுங்களா? நீங்களே சொல்லுங்க. உங்க அக்கா தாங்குவாங்களா?

சரி, விசயத்துக்கு வர்றன்.

கொப்பரைக்களம் வெச்சிருக்கற தேவாத்தான்னு ஒரு அம்மா. ஒத்தைப் பொம்பளையா நின்னு தொழில் பண்றவங்க. அவியளுக்கு மின்னமே ஒரு குடோன் நம்மதான் கட்டிக்குடுத்தம். இப்ப ரெண்டாவது குடோன் கட்டணும்னு வந்தாங்க. வந்தவிய சும்மா இருக்காம, "சென்னியப்பா, எனக்கு நம்பர் ரெண்டாமா. எனக்கு இருவது டிகிரில போட்டுக் குடு"ன்னாங்க. அவியளுக்கு வேற ஒரு நியூமராலஜிக்காரன் கெடைச்சிருக்கறான். எனக்குக் கசந்து போச்சு. கட்டறவன் நான், என்ற ராசிதானுங்களே பாக்கணும்? இருந்தாலும் பழைய பார்ட்டி. சரிங்கன்னுட்டன்.

கௌசிகாகிட்ட, பத்தொம்பது இருக்கற எடத்துல இருவது போடுன்னன். போட்டுச்சு.

ஏனுங்க, நீங்க எங்கயாச்சும் கோயில் கோபுரத்துக்குக் கீழ கொப்பரை மூட்டை அடுக்கிப் பாத்திருக்கறீங்களா? நாப்பதடி அகலக் குடோனுக்கு, கம்ப்யூட்டர்ல பாத்தா நடுவுல நாப்பத்தஞ்சடி உசரத்துக்குக் கூரை எந்திரிச்சு நிக்குது. ஒரு டிகிரிதான் ஏத்தியிருக்குது! பாத்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சு. இருவது நம்மளுக்கு ஆகாத எண். கம்ப்யூட்டருக்கே புடிக்கலை. தேவாத்தாவுக்கு அப்பவே ஃபோனைப் போட்டு, "அம்மா, இருவது கெட்ட எண்ணுங்க, கூரையே நிக்க மாட்டீங்குது"ன்னு சொல்லிப்போட்டன். அவிய, "நேர்ல வந்து பாக்கறன்"னாங்க.

இதோட விட்டிருந்தா என்னங்க? இந்தப் புள்ள விடலை. "சார், எண்ணு கெட்டதில்லை சார், சூத்திரத்துல ஒரு தப்பு இருக்குது, பாத்து சொல்லட்டுங்களா"ன்னுது. என்ற ஃபைல்ல தப்பு. என்ற முன்னாலயே சொல்லுது.

அப்பறம் மத்தியானச் சோத்து நேரத்துல, டிபன் பாக்ஸு மூடியைக் கொண்டாந்து என்ற மேசை மேல வெச்சுது. மூடியில தயிரு ஒட்டீட்டிருக்குது. ஒரு நூலை எடுத்து, மூடியோட நடுவுல இருந்து விளிம்பு வரைக்கும் அளந்து அத்துச்சு. அந்த நூலை எடுத்து விளிம்பு மேலயே வளைச்சு ஒட்ட வெச்சுது, தயிருலதான் ஒட்டுது, கருமம். "சார், இந்த நூலு விளிம்புல எவ்வளவு எடம் புடிக்குதோ, அதுக்கு நடுவுல விழற கோணம்தான் ஒரு ரேடியன். ஐம்பத்தேழு டிகிரி சொச்சம் வரும். நாம பத்தொம்பதுன்னு வெறும் எண்ணைப் போட்டா, இந்த சாஃப்ட்வேர் அதை டிகிரின்னு எடுத்துக்காது. ரேடியன்னு எடுத்துக்கும். டிகிரியை ரேடியனா மாத்தித்தான் சூத்திரத்துல போடணும். நீங்க மாத்தாம விட்டுட்டீங்க"ன்னுது.

முழு வட்டத்துக்கு எத்தனை ரேடியன்னு கேட்டன். ஆறே கால் சொச்சமாம். சொச்சத்துக்கு முடிவே இல்லையாம், போயிக்கிட்டே இருக்குமாம். அட த்தூ. ஒரு வட்டத்தை முழுசாச் சுத்தி வந்தா ஒரு முழு எண்ணுகூட இல்லாத அளவு ஒரு அளவா? முன்னூத்தி அறுவதுன்னு நம்ம தாத்தன் காலத்துல இருந்து இருக்குது, அழகா, ரெண்டுல போகும், மூணுல போகும், நாலுல போகும். அதை உட்டுப்போட்டு, நூலை வளைச்சு தயிருல ஒட்டி அளக்கறாங்களாம். எவன் கண்டுபுடிச்சான்னு தெரியலை, அவனை நிக்க வெச்சு நாலு கேள்வி கேக்கணும். சாஃப்ட்வேர் பண்ணுனவனும் படிச்சவன்தானுங்களே? பத்தொம்பதுன்னு ஒரு மனுசன் அடிச்சா, டிகிரியைத்தான் சொல்றான்னு தெரிய வேண்டாமா?

சரி, இருவதுக்கு வந்த கேடு இதுன்னே வெய்யி, பத்தொம்பதுதான் ஒழுங்கா வருதே, அதுக்கு என்ன சொல்றன்னு கேட்டன். மடக்கிப்போட்டன்னுதான் நெனச்சன். அது டிபன் மூடியை எடுத்து ஓரமா வெச்சுது. சொல்லாம விட்டிருக்கலாமுங்க. புத்தி இருக்கற பொண்ணு சொல்லாம விட்டிருக்கும்.

"சார், நீங்க நவக்கிரகம் சுத்தறீங்கன்னு வெச்சுக்குங்க. பத்தொம்பது ரேடியன்னா, முழுசா மூணு சுத்து சுத்தி முடிச்சு, நாலாஞ்சுத்துக்குக் காலை எடுத்து வெச்சதும் நின்னுட்ட மாதிரி. மிச்சம் நிக்கறது எட்டரை டிகிரி சொச்சம். அதனால பாக்கறதுக்குக் கூரை மாதிரியே இருக்குது. இருவதுன்னா இன்னும் ஒரு ரேடியன் தள்ளிப் போயிருது, அதான் கோபுரம். நம்ம கூரை எதுவுமே பத்தொம்பது இல்லை சார். எல்லாம் எட்டரை"ன்னுது.

எட்டு. என்ற மூஞ்சிக்கு நேரா எட்டுங்குது.

எட்டு யாரோட எண்ணுன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்களா? சனியோடது. எட்டாம் நம்பர் வீட்டுல நான் வாடகைக்குக்கூட இருந்ததில்லைங்க. எட்டாந்தேதி பொறந்தான்னு என்ற சொந்த மச்சினனையே இந்த ஆபீஸ் தொறக்கறப்ப வாசல்ல நிக்க வெச்சுப்போட்டுத்தான் வெளக்கேத்துனன். இன்னைக்கும் அவன் பேசறதில்லை. இத்தனை வருசமா, இத்தனை குடும்பத்துக்கு, என்ற கையால எட்டைக் கட்டிக் குடுத்திருக்கறன்னு இந்தப் புள்ள சொல்லுது. எந்திரிச்சுப் போயி மூஞ்சியைக் கழுவீட்டு வந்தனுங்க. எலுமிச்சம்பழம் வாங்கியாறச் சொல்லி, கம்ப்யூட்டருக்கு சுத்தி ரோட்டுல போட்டன். அதையும் நின்னு பாத்துட்டுத்தான் இருந்துச்சு. சிரிக்கலை. சிரிச்சிருந்தாக்கூடத் தேவலையா இருந்திருக்கும்.

டிராயிங்ல பத்தொம்பதுன்னு கொட்டை எழுத்துல இருக்குதே அது என்னன்னன். "அது நீங்க டைப் பண்ணுனது சார், அளந்து வந்ததில்லை"ன்னுது. அளக்கற பொத்தானை அமுக்கிக் காட்டுச்சு. எட்டுன்னு ஆரம்பிச்சுது. மிச்சத்தை நான் பாக்கலை, கண்ணை மூடிக்கிட்டன்.

என்னைக் கேட்டா, அந்தப் புள்ளதானுங்க ஃபைலை நோண்டி என்னமோ பண்ணிப்போட்டுது. இத்தனை வருசம் ஒழுங்கா இருந்தது, அது கை பட்டதும் எட்டு காட்டுதுன்னா என்ன அர்த்தம்?

அப்பறம் அது பண்ணுன கூத்தைக் கேளுங்க. நம்ம உக்காந்திருக்கற இந்தக் கொட்டாயும் நாம கட்டுனதுதான். ஏணியைப் போட்டு ஏறுச்சு. துப்பட்டாவை இடுப்புல இறுக்கிக் கட்டீட்டு, அத்தனை ஆம்பளைங்க கீழ நின்னு பாக்கறாங்க, சரசரன்னு ஏறிப்போயி இரும்புக் கை மேல ஃபோனைப் படுக்க வெச்சுது. ஃபோனு சாய்வைச் சொல்லுமாம். எறங்கி வந்து என்ற முன்னால நீட்டுச்சு. எட்டரை சொச்சம். அடுத்து டேப்பைப் புடிச்சு நடு உசரத்தை அளந்துச்சு. "நாப்பதடிக்கு ஏழடி கிட்ட வந்திருக்கணும் சார், மூணடிதான் இருக்குது"ன்னுது. ஃபோனு தப்பு, டேப்பும் பழசுன்னன்.

மேல பாக்காதீங்க. கழுத்து வலிக்கும்.

அதோட முடிஞ்சுதுங்களா? இல்லை. "பழைய பார்ட்டிங்களுக்கெல்லாம் சொல்லணும் சார்"ன்னு ஆரம்பிச்சுது. சாய்வு கம்மியா இருந்தா, காத்தோட மழை அடிக்கறப்ப தண்ணி தகரத்துல மேல ஏறுமாம். ஒரு தகரம் மேல இன்னொரு தகரம் ஏறி நிக்கற எடத்துல உள்ள பூந்துருமாம். பத்தொம்பதுக்குன்னு நாம ஏத்தி வெச்ச அளவு எட்டரைக்குப் பத்தாதாம். "கூரை உழுகாது சார், ஒழுகும். ஐப்பசிக்குள்ள அந்த இணைப்பை மட்டும் அடைச்சுக் குடுத்துருலாம், பெரிய வேலை இல்லை"ன்னுது. அதுக்கு எப்படியிருக்குது பாருங்க. ஊரெல்லாம் போயி, நான் உங்களை ஏமாத்திப்போட்டன்னு நானே தண்டோராப் போடறதாம். பெரிய வேலை இல்லையாம்!

ஒழுகறதுன்னா ஒழுகத்தானுங்க செய்யும். மழை பேஞ்சா எந்தக் கூரைதான் ஒழுகலை? மயிலு ஏறி நடக்குதுங்க. நம்ம பக்கம் எத்தனை மயிலுன்னு பாத்தீங்களா? அது மிதிக்கற மிதில ஸ்க்ரூ லூசாயிருது. நான் எல்லாப் பார்ட்டிக்கும் மயிலைத்தான் சொல்லுவன். அவியளும் ஒத்துக்குவாங்க. முருகனோட வாகனம், அதை என்ன பண்ண முடியும்னு போயிருவாங்க. அதுல என்னங்க தப்பு? மயிலு ஏறறது நெசந்தானுங்களே?

தேவாத்தா வந்தாங்க. நான் மின்னாடியே இந்தப் புள்ளகிட்ட படிச்சுப் படிச்சு சொல்லி வெச்சிருந்தன். "அந்தம்மா கேட்டா இருவது ஆகாத எண்ணுன்னு மட்டும் சொல்லு, பத்தொம்பதுக்கு நான் சம்மதிக்க வெச்சுக்கறன்"னு. தலையை ஆட்டலை. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்.

தேவாத்தா இங்கதான் உக்காந்தாங்க, நீங்க உக்காந்திருக்கற சேர்ல. "ஏங்கண்ணு, இருவது போட்டா நெசமாலுமே கூரை நிக்காதா?"ன்னு கேட்டாங்க. என்னைக் கேக்கலை, அதைக் கேட்டாங்க. அது என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. அப்பறம் திரும்பி, "நல்லா நிக்குமுங்க அம்மா. எங்க சூத்திரத்துல தப்பு இருந்துச்சு, இப்ப சரி பண்ணீட்டன்"னு சொல்லிப்போட்டுது.

என்ற ஆபீஸ்ல. என்ற கூரைக்குக் கீழ உக்காந்துக்கிட்டு.

அந்தம்மா லேசுப்பட்டவங்க இல்லைங்க. "அப்ப என்ற பழைய குடோன்?"னு கேட்டாங்க. இது ஒண்ணு விடாம சொல்லுது. எட்டரைன்னு சொல்லுது. காத்து மழைக்குத் தண்ணி உள்ள வரும்னு சொல்லுது. எந்தப் பக்கத்துல வரும்னுகூட சொல்லுதுங்க, அந்தக் குடோனை இது பாத்ததுகூட கெடையாது. "மேக்கால செவுத்தோரம், மேல இருந்து ரெண்டாவது தகரம் சேர்ற எடத்துல நனைஞ்சிருக்குமுங்களா அம்மா?"ன்னு கேக்குது. டிராயிங்கைப் பாத்தே சொல்லுது. அந்தம்மா ஆமாங்கறாங்க.

சண்டைக்கு வருவாங்கன்னு நெனச்சன். சண்டை போட்டா எனக்குச் சமாளிக்கத் தெரியுமுங்க. அவிய சண்டை போடலை. முந்தானையை வாய்ல வெச்சுக்கிட்டாங்க. "என்ற மருமவளைச் சொன்னனே சாமி"ன்னாங்க. ரெண்டு ஐப்பசியா அந்த மேக்கால பக்கம் கொப்பரை நனைஞ்சு பூசணம் புடிச்சுதாம். மருமவதான் படுதா போட்டு மூடாம விட்டுட்டான்னு திட்டுனாங்களாம். மூடுனன் அத்தைன்னு மருமவ சத்தியம் பண்ணுச்சாம், இவிய நம்பலையாம். பொய் சொல்ற குடும்பத்துல பொண்ணு எடுத்துட்டன்னு பேசியிருக்கறாங்க. அது அம்மா வீட்டுக்குப் போயிருச்சு. பேரனையும் தூக்கிட்டுப் போயிருச்சு. "மயிலுன்னு சொன்னியே சென்னியப்பா, நானும் அதை நம்பி மேல ஏறிப் பாக்காம உட்டனே"ன்னு என்னைய வேற பாக்கறாங்க.

இது என்னங்க நியாயம்? கூரை பேச வந்த எடத்துல மருமவளைக் கொண்டாந்து வெக்கறாங்க. அவிய மருமவளைத் திட்டுனதுக்கு நான் என்ன பண்ணுவன்? நானா திட்டச் சொன்னன்? எனக்குப் பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. பெரிய மனுசி, மூக்கைச் சிந்தீட்டு, மூஞ்சியெல்லாம் கோணிக்கிட்டு. இந்தப் புள்ள போயி தண்ணி கொண்டாந்து குடுத்து, பக்கத்துல உக்காந்து கையைப் புடிச்சுக்குது. ரெண்டு பேரும் அன்னைக்குத்தான் மொகம் பாத்துப் பேசறாங்க. சகிக்கலைங்க எனக்கு.

அந்தம்மா எந்திரிச்சு நேரா சம்பந்தி வீட்டுக்குத்தான் போனாங்களாம். போயி மருமவ கையைப் புடிச்சாங்களாம். அது வந்துச்சா வரலையான்னு எனக்குத் தெரியாது, நான் கேட்டுக்கலை. ரெண்டாவது குடோனை வேற ஆளுகிட்டக் குடுத்துட்டாங்க. அது மட்டும் தெரியும்.

அன்னைக்கே சொல்லிப்போட்டன், "இனி நீ வர வேண்டாம்"னு. ஏன் சார்னு கேக்கும்னு பாத்தன். அன்னைக்குன்னு பாத்து கேக்கலை. "சரிங்க சார், ஃபைலை மட்டும் சரி பண்ணி வெச்சுட்டுப் போறன், யாராச்சும் தெரியாம பழையதை எடுத்துருவாங்க"ன்னு உக்காந்துச்சு. உக்காந்து எல்லாச் சூத்திரத்துலயும் டிகிரியை ரேடியனா மாத்தறதைச் சேத்திப்போட்டு, பையை எடுத்து மாட்டீட்டு, "வர்றன் சார்"னுட்டுப் போயிருச்சு. போறப்பவும் அந்தச் சிரிப்பு. கண்ணு மட்டும் செவந்திருந்துச்சு.

அது சரி பண்ணுன ஃபைல்ல பத்தொம்பதை அடிச்சுப் பாத்தனுங்க. பாக்க மாட்டாத ஆளு இல்லை நான். அப்பா! கூரை எந்திரிச்சு நிக்குது. மூணடியைப் பாத்துப் பழகுன கண்ணுக்கு ஏழடி அசிங்கமா இருக்குதுங்க. தகரம் கூட ஆகுது, செவுரு கூட எழுப்பணும். ரேட்டு ஏறுனா பார்ட்டி ஓடிருவான். அதெல்லாம் விடுங்க. பத்தொம்பதுன்னு நான் இத்தனை வருசம் மனசுல வெச்சிருந்த கூரை அது இல்லைங்க. என்ற கூரை என்ற கூரைதான். பழைய ஃபைலையே எடுத்து வெச்சுக்கிட்டன். அதுலதான் போயிட்டிருக்குது.

என்னங்க, சிரிக்கறீங்க? இல்லையா? சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

உங்க அக்கா மகனுக்கு என்னங்க வேலை? பேங்க்லயா? பேங்க்ல இருக்கற பையனுக்கு இந்தப் பொண்ணு ஒத்து வருமுங்களா? ஒரு வார்த்தை மறைச்சுப் பேசத் தெரியாது. வீட்டுக்கு வர்ற ஒரம்பரைகிட்டயெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லி வெக்கும். குடும்பம்னா நாலு இருக்கும், நாலையும் மூடித்தான் வெக்கணும். இது மூடற சாதி இல்லைங்க. யோசிச்சுக்குங்க.

என்ன கேட்டீங்க? நடத்தையா?

அது... அது வந்துங்க. எப்படிச் சொல்றது? கதவைச் சாத்தட்டுங்களா, யாராச்சும் வருவாங்க. நீங்க கேட்டீங்கன்னு சொல்றன். சாய்ந்தரம் ஆச்சுன்னா ஒரு பையன் பைக்குல வந்து நிப்பான். அடிக்கடி வருவான். அந்தப் புள்ளயும் அவன் பின்னால...

இல்லைங்க. வேண்டாம். அப்படி ஒண்ணும் இல்லை. அது அவ தம்பிங்க. பஸ்ஸை விட்டா கூட்டிட்டுப் போக வருவான். தம்பிதான். எனக்கும் ஒரு பொண்ணு இருக்குதுங்க. வாய் ஒரு பக்கம் இழுத்துப்போச்சு, த்தூ, நானே இப்படிப் பேச வந்துட்டன் பாருங்க. எழுதி வெச்சிருந்தா அடிச்சுருங்க. நடத்தையில ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஒரு தூசி சொல்ல முடியாது.

எந்திரிச்சுட்டீங்க? அதுக்குள்ளயா?

என்னங்க சொல்றீங்க? அவளா? அவளா அனுப்புனா? பொண்ணு பாக்க வந்த எடத்துல அவளே சொன்னாளா? இந்தாங்க, சித்த உக்காருங்க, உக்காந்து சொல்லுங்க. என்ன சொன்னா, அப்படியே சொல்லுங்க.

"மத்தவங்க எல்லாம் நல்லதாத்தான் சொல்லுவாங்க. நீங்க எங்க சென்னியப்பன் சாரைப் போயிப் பாருங்க. அவருக்கு என்னைக் கண்டா ஆகாது. அதையும் கேட்டுட்டு, அப்பறமும் புடிச்சிருந்தா வாங்க"ன்னாளா? எங்க சென்னியப்பன் சார்னா சொன்னா? எங்கன்னா?

அதுக்கு மேல என்ன சொன்னா? ஒண்ணுமில்லையா? இல்லை, என்னமோ வாய் வரைக்கும் வந்துச்சு உங்களுக்கு. சொல்லுங்க.

"தெரிஞ்சு பொய் சொல்ற ஆளு இல்லைங்க அவரு."

ம்.

அப்படிச் சொன்னாளா? ஏனுங்க, பாருங்க, நான்தான் சொன்னனே, அந்தப் புள்ள ஒண்ணும் கெட்டது இல்லைன்னு... அது எப்ப சொன்னா? போன வாரமா? இப்பத்தான். ம். நான் பழைய ஃபைலை எடுத்து வெச்சது அவளுக்குத் தெரியாதில்லீங்களா? யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நீங்களும் சொல்ல மாட்டீங்கதானே? அது ஒண்ணுமில்லை, சும்மா கேட்டன்.

அப்ப நீங்க முடிவு பண்ணீட்டீங்க. கேட்ட மட்டுக்கும் போதுங்கறீங்க. சரிங்க. நல்லா இருக்கட்டும்.

ஃபோனு அடிக்குது. சித்த இருங்க, பார்ட்டிதான். ஹலோ! சொல்லுங்க, சென்னியப்பன்தான் பேசறன். ஆமாங்க, உங்க தறிக்கொட்டாய் டிராயிங் ரெடிங்க. அம்பதடி அகலம், எல்லாம் சொன்ன மாதிரிதான். என்னங்க? சாய்வுங்களா? சாய்வு வந்துங்க... கேக்குதுங்களா... சாய்வு...

நீங்க ஏனுங்க இன்னும் நின்னு பாத்துட்டு இருக்கறீங்க? கெளம்புங்க.